வகிடு எந்தப் பக்கம்

என் மூளை தேயத் தொடங்கிவிட்டது என்று ஒன்றேகால் வருடம் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். மூளை வருத்தம் வந்த நோயாளிகளோடு இருபத்தொன்பது வருடம் வேலை செய்த ஒருவன் நம்பக்கூடிய மடைத்தனங்களில் இதற்கு முதலிடம் கொடுக்கலாம். அந்த நாட்களில் வெள்ளவத்தையில் ரயில் ஏறும்போதெல்லாம் கோட்டையில் தொடங்கும் ஸ்டேஷன் பெயர்களைப் பின்னாலிருந்து சொல்லிப் பார்ப்பேன். கல்கிசை, தெஹிவளை, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, கோட்டை. ஒருநாள் சொல்லி முடித்தபிறகு, நடுவில் செயலக ஸ்டேஷனை விட்டுவிட்டேன் என்று கண்டுபிடித்தேன். அந்தக் கலக்கத்தில் கோட்டையில் இறங்காமல் மருதானை வரைக்கும் போய்விட்டேன். இறங்க மறந்ததையும் அன்றைய மறதிப் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

போன பங்குனியில், ஐம்பத்தைந்து வயதில், நானாகவே ஓய்வு எடுத்தேன். இப்போது எங்கள் பிரிவுக்கு வந்திருக்கும் மெஷின் மூளை அலையைத் தானே படித்து, பிழையான இடத்தில் சிவப்பாகக் கோடு போடுகிறதாம். அதைப் பார்த்த இளையவர்கள், “அண்ணை, மெஷின் ‘நோர்மல்’ எண்டா நம்பலாமோ? உங்கட அனுபவம் ஒண்டு எழுதித் தாங்கோ. வழக்கம்போலப் பகிடியா” என்று கேட்டார்கள். சிரிக்கப் பகிடி வரும். கொஞ்சத் தூரத்தில் அது நின்றுவிடும்.

என் வேலை ஈ.ஈ.ஜி. எடுப்பது. தலையில் இருபத்தொரு கம்பிகளை ஒட்டி, மூளையின் மின் அலையைக் கோடுகளாகப் பதிவது. பயிற்சி இரண்டு வருடம். அதில் படிக்க வேண்டியவை இரண்டு: மண்டையை அளப்பது, வாயை மூடிக்கொண்டிருப்பது. இரண்டாவதில் நான் சித்தியடையவில்லை.

பயிற்சி முடிந்து வந்த இடம் கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே தலைமைப் பதிவாளர் அருளப்பு சேர். கொட்டாஞ்சேனைக்காரர், ஒல்லி, எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. அவர் ஒரு தலையை அளப்பதை முதன்முதலாகப் பார்த்தபோது, தையல்காரரிடம் வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். மூக்கும் நெற்றியும் சேரும் பள்ளத்திலிருந்து பிடரி எலும்பின் புடைப்பு வரை நாடா பிடிப்பார். பிறகு ஒரு காதின் முன்னாலிருந்து மறுகாதின் முன்னால் வரை. பிறகு தலையைச் சுற்றி. ஒவ்வொன்றையும் இரண்டு தரம். இரண்டு அளவும் ஒத்துவராவிட்டால் மூன்றாம் தரம். மெழுகுப் பென்சிலால் புள்ளி வைத்து, பஞ்சால் தோலைத் துடைத்து, பசை தொட்டுக் கம்பியை ஒட்டுவார். “கண்ணை மூடுங்கோ” என்றதும் பின்மண்டைக் கோட்டில் செக்கனுக்கு ஒன்பது, பத்து என்று அலை எழும்பும். “திறவுங்கோ” என்றால் அடங்கும். மறதி நோய் முற்றியவர்களுக்கு அந்த அலை ஏழு, ஆறு, ஐந்து என்று களைத்துப்போய் வரும். அதைப் பார்த்தாலும் எங்கள் முகத்தில் ஒன்றும் காட்டக்கூடாது. முடிவு எழுதுவது டொக்டரின் வேலை. பதிவாளர் பதியலாம், சொல்லக்கூடாது.

அவருடைய றெஜிஸ்டரில் பெயர், வயது, குடிக்கும் மருந்து, கடைசியாகச் சாப்பிட்ட நேரம் என்று எல்லா இடத்திலும் இருக்கும் நிரல்களுக்குப் பிறகு, எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத ஒரு நிரலை அவரே அடிமட்டம் வைத்துக் கீறியிருந்தார். வகிடு. இடம், வலம், நடு, இல்லை.

“சேர், மூளைக்கும் வகிட்டுக்கும் என்ன சம்பந்தம்?” என்று முதல் கிழமையே கேட்டேன்.

“ஒரு சம்பந்தமும் இல்லை.”

“அப்ப ஏன் எழுதுறியள்?”

“ரோட்டில வலிப்பு வந்து விழுந்து, நாலு சனம் பாத்து, அந்த வெக்கத்தோட இஞ்ச வருகுதுகள். போகேக்க எண்டாலும் வந்தமாதிரிப் போகட்டும்.”

பதிவு முடிந்ததும் அவரே இளஞ்சூட்டுத் தண்ணீரில் துணியை நனைத்துப் பசையைத் துடைப்பார். பெண்கள் என்றால் தாதியைக் கூப்பிடுவார். பிறகு றெஜிஸ்டரைப் பார்த்து, அதே பக்கம் வகிடு எடுத்து வாரிவிட்டுத்தான் கதவைத் திறப்பார்.

அவர் சிரிக்கமாட்டார். நான் பகிடி விட்டால் மணிக்கூட்டைப் பார்ப்பார். டொக்டர்மார் நடக்கிற மாதிரி நடந்து காட்டினால், “முடிஞ்சுதோ?” என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். இருபத்துமூன்று வருடம் இப்படித்தான். ஒரு மனுசனைச் சிரிக்க வைக்க இருபத்துமூன்று வருடம் முயற்சி செய்தவனின் மனநிலையை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். பின்னால் நடந்ததற்கு அதுதான் காரணம்.

ஒருநாள் அவர் சிரித்தார்.

தேநீர் நேரம். நான் சொன்னது ஒரு ஊத்தைப் பகிடி, இங்கே எழுத முடியாது. சேர் சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கால் வந்தது. அடுத்தநாள் அதையே திரும்பச் சொல்லச் சொன்னார். அதற்கடுத்த நாளும். நான் வெற்றிப் பெருமையோடு வீட்டுக்குப் போய் மனைவி சுகந்தியிடம் சொன்னேன்.

“உங்கட பகிடிக்கோ?” என்றாள். “பாவம், அந்த மனுசனுக்கு என்ன வருத்தமோ?”

சோதனை இல்லை, ஸ்கான் படம் இல்லை. குசினியில் நின்று வெங்காயம் வெட்டியபடி அவள் சொன்னதுதான் சரியான முடிவு. அதையும் பகிடி என்று எடுத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.

இதே காலத்தில்தான் எனக்கு மறதி தொடங்கியது. குடையைப் பேருந்தில் விட்டேன். தெஹிவளையில் இருக்கும் மச்சானின் பெயர் ஒரு முழு நிமிடம் வரவில்லை. அலுமினியச் சட்டியால்தான் மூளை கெடும் என்று யாரோ சொல்ல, வீட்டிலிருந்த சோற்றுப் பானையைத் தூக்கிப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்தேன்.

“உங்களுக்கு மறதி வருமோ தெரியாது, எனக்கு விசர் வரப்போகுது” என்று சுகந்தி அன்று புதுப்பானை வாங்கப் புறக்கோட்டைக்குப் போனாள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புதுக் கம்பிக் கட்டு வந்தால், நோயாளிக்கு ஒட்டுமுன் எங்களில் ஒருவரின் தலையில் ஒட்டிப் பார்ப்போம். அந்த வருடம் நான் நல்ல கம்பிகளையெல்லாம் பழுது என்று சொல்லிப் பதினொரு தரம் என் தலையில் ஒட்டுவித்தேன். ஒட்டியது சேர். அளவு ஒரு மில்லிமீற்றர் தவறாது. “உன்ர மண்டைக்குள்ள ஒண்டும் இல்லை” என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார். அலை ஒன்பதரை. நான் பசை காயும் தலையோடு அந்தக் கோட்டையே வெறித்துக்கொண்டிருப்பேன். வருத்தக்காரன் கம்பி ஒட்டினான், சுகமாக இருந்தவன் கதிரையில் இருந்தான். பதினொரு தரம்.

அவர் என் தலையைத் துடைக்காமலே எழும்பிப் போய்விடுவார். ஆள் இளகிவிட்டார் என்று நினைத்தேன்.

கடைசியில், மறந்தவை நாற்பத்துமூன்றையும் இலக்கமிட்டு எழுதிக்கொண்டு எங்கள் நரம்பியல் டொக்டரிடம் போனேன். டொக்டர் ரிஸானா தாளை முழுக்க வாசித்தார். சிரிக்கவில்லை.

“இதை யாரு எழுதின?”

“நான்தான், டொக்டர்.”

“திகதி நேரமெல்லாம் போட்டிரிக்கிறீங்க. மறந்ததை இவ்வளவு வடிவா ஞாபகம் வெச்சிருக்கிற ஆளுக்கு மறதி நோய் இல்ல. பயம். ரத்தம் பாப்பம்.”

வைட்டமின் பி-12 கொஞ்சம் குறைவு. குளிசை தந்தார். நான் எழும்பும்போது, “தன்ர மறதியைத் தானே சொல்லிக்கொண்டு வாற ஆளை நினைச்சு நான் பயப்பிடுறதில்ல” என்றார். “‘எனக்கு ஒண்டுமில்ல’ எண்டு ஆள் சொல்லும், ‘இவர் முந்தி இப்பிடி இல்ல’ எண்டு பொஞ்சாதி சொல்லும். அப்பதான் எனக்குப் பயம்.”

அதைக் கேட்டு நிம்மதியாக வெளியே வந்தேன். என்னைப் பற்றிய பகுதியை மட்டும் கேட்டிருக்கிறேன்.

ஒரு மாதம் போகவில்லை. சேரின் மனைவி ரெஜினா அக்கா, அவர் சாப்பாட்டுக்குப் போன நேரம் பார்த்து எங்கள் வாசலில் வந்து நின்றார். இருக்கச் சொன்னால் இருக்கவில்லை.

“தம்பி, இவர் முந்தி இப்பிடி இல்லை.”

டொக்டர் சொன்ன அதே சொற்கள். எனக்கு உறைக்கவில்லை.

“என்னக்கா செய்யிறார்?”

“தன்ர தமக்கை செத்த வீட்டில ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பெட்டி எடுக்கமுதல் ரெண்டாந்தரம் சோறு கேட்டவர். பிள்ளை மாதிரி வளத்த தமக்கை.” சேர் வருகிறாரோ என்று திரும்பிப் பார்த்தார். “ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு இனிப்பாத் தொதல் வேணும். இல்லையெண்டா பக்கத்து வீட்டுக்குள்ள பூந்து எடுக்கிறார். நான் அழுதா என்னை விடுப்புப் பாக்கிறார், தம்பி. ரீவி பாக்கிறமாதிரி.”

“மறதி ஏதும்?”

“ஐயோ, அது ஒண்டும் இல்லை. கலியாணத்துக்கு ஆர் என்ன தந்தது எண்டதும் சொல்லுவார்.”

மறதி இல்லை என்றதும் என் மனம் லேசாகிவிட்டது. என் அறிவுக்கு வயதில் வரும் மூளை நோய் என்றால் மறதி. டொக்டரிடம் கூட்டிப் போங்கோ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதற்குப் பதிலாக நான் கெட்டித்தனம் காட்டினேன். “கவலைப்படாதேங்கோ அக்கா. புதுக் கம்பி வந்திருக்கு. சேரின்ர தலையில ஒட்டிப் பாத்துச் சொல்லுறன்.”

அன்று பின்னேரமே ஒட்டினேன். சேர் தொதல் சாப்பிட்டபடி கதிரையில் இருந்தார். கண்ணை மூடச் சொன்னேன். ஒன்பது. அழகான, ஒழுங்கான ஒன்பது. றெஜிஸ்டரில் ஏறாமல் எந்தத் தலையும் அந்தக் கதிரையில் இருக்கக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம், அதனால் பெயரையும் வயதையும் எழுதினேன். பதிவாளர் தொடக்கூடாத குறிப்பு நிரலில், சந்தோசத்தில், ‘நோர்மல்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பிறகு ரெஜினா அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

“நோர்மல், அக்கா. மூளை சிங்கம் மாதிரி. வயசு போக மனுசர் கொஞ்சம் மாறுவினம்தானே.”

“அப்ப டொக்டரிட்ட காட்டத் தேவையில்லையோ?”

“ஏன் சும்மா.”

“கர்த்தரே” என்று அவர் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு அந்தப் புதிய சேரைப் பிடித்திருந்தது. பழையவர் திரும்பி வருவதை நான் விரும்பவில்லை.

எட்டு மாதம் போனது. இதற்கிடையில் வகிடு நிரல் வெறுமையாகிக்கொண்டே வந்ததைப் பார்த்தேன். பசை காய்ந்த தலையோடு ஒரு கிழவி வெளியே போவதைக் கண்டு, நானே ஓடிப்போய் ஈரத்துணி கொடுத்தேன். ஒருவரிடமும் சொல்லவில்லை.

பிறகு கொலன்னாவையிலிருந்து ஒரு தாய், பத்தொன்பது வயது மகளைக் கூட்டி வந்தார். பிள்ளையின் தலையில் இருபத்தொரு கம்பிகள், அசைய முடியாது. சேர் தாயின் பைக்குள் கையை விட்டு அவர்களுடைய பணிஸை எடுத்துத் தின்றார். பிறகு பிள்ளையின் தொடையில் கையை வைத்து, சிங்களத்தில், என்னுடைய அந்த ஊத்தைப் பகிடியைச் சொன்னார். சொல்லுக்குச் சொல், பிழையில்லாமல். கையை எடுக்கவில்லை. பிள்ளை கத்தியது.

நான் சிரித்தேன். அந்தப் பகிடி முடிகிற இடத்தில் சிரித்துச் சிரித்து எனக்குப் பழகிவிட்டது. வாயை மூடுமுன் அது வந்துவிட்டது. தாய் கொடுத்த முறைப்பாட்டில் இருந்தது இதுதான்: ஒருவர் தொட்டார், மற்றவர் சிரித்தார். இரண்டும் உண்மை.

விசாரணைக்கு இரண்டு கிழமை இருந்தது. அப்போதாவது டொக்டர் ரிஸானாவிடம் ஓடியிருக்கலாம். ஆனால் ஓடினால், அனுமதியில்லாமல் நான் தலை பார்த்ததும் முடிவு எழுதியதும் வெளியே வரும். என் வேலை போகும் என்று பயந்தேன். இரண்டு கிழமையும் வீட்டுக்குள் மேலும் கீழும் நடந்தேன், ஸ்டேஷன் பெயர்களைச் சரியாகச் சொன்னேன்.

விசாரணை மேசையில் மூன்று பேர். நடுவிலிருந்தவர் சேரிடம் கேட்டார். சேர் மறைக்கவில்லை. திகதி சொன்னார், நேரம் சொன்னார், பிள்ளையின் சட்டை நிறம் சொன்னார், பணிஸுக்குள் சீனிச் சம்பல் இருந்தது என்றும் சொன்னார்.

“செய்தது பிழை என்று தெரியுமா?”

“ஓம், பிழை.”

“அப்படியென்றால் ஏன் செய்தீர்கள்?”

சேர் யோசித்தார். “கை கிட்ட இருந்தது” என்றார்.

ரெஜினா அக்கா எழும்பி, இவருக்கு ஏதோ சுகமில்லை, தயவுசெய்து பாருங்கள் என்றார். நடுவிலிருந்தவர் எங்கள் றெஜிஸ்டரைத் திறந்து, என்னைக் கூப்பிட்டார்.

“இது உங்கள் கையெழுத்தா?”

“ஓம், சேர்.”

“நோர்மல் என்று எழுதியிருக்கிறீர்கள்.”

“அலை நோர்மல். அது... மூளை முழுவதும் நோர்மல் என்று அர்த்தமில்லை, சேர். நான் அதை எழுதியிருக்கவும் கூடாது.”

“எழுதியிருக்கிறீர்கள். ஒன்றையும் மறக்காத ஆள், மூளையும் நோர்மல். பிறகென்ன வருத்தம்?”

மூளை நோய் என்றால் மறதி என்று நான் நம்பிய அதே மடைத்தனத்தை அந்த மனிதரும் நம்பினார். அவருக்கு ஆதாரம் கொடுத்தது என் கையெழுத்து. ரெஜினா அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

முப்பத்துநான்கு வருட வேலையிலிருந்து, ஒழுக்கக்கேடு என்று எழுதி, சேரை விலக்கினார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம்.

அதற்குப் பிறகுதான் டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. “நாளைக்கே கூட்டிக்கொண்டு வாங்க” என்றார். ஐந்து சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரத்தின் பின் கேட்டார். சேர் ஐந்தையும் சொன்னார். ‘க’வில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடம் சொல்லச் சொன்னார். கத்தரிக்காய், கதவு, கத்தரிக்காய் என்றார். பிறகு ஒன்றும் இல்லை. பக்கத்து வீடு எரிந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

“பாப்பன்” என்றார் சேர்.

ஸ்கான் படத்தை டொக்டர் வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். மூளையின் பின்பக்கம் நிறைந்திருந்தது. நெற்றிப் பக்கமும் காதுக்கு மேல் பொட்டுப் பக்கமும் வற்றி, மடிப்புகளுக்கிடையில் கறுப்பாக இடைவெளி. ஞாபகம் இருக்கும் இடங்களை விட்டுவிட்டு, வெட்கமும் இரக்கமும் அடக்கமும் இருக்கும் முன்பக்கத்தில் தொடங்கும் நோய் இது என்று டொக்டர் விளக்கினார். மூளைக் கலங்களுக்குள் கெட்டுப்போன புரதம் சேர்ந்து, கலம் கலமாகச் சாகும். ஏன் சேர்கிறது என்று பலபேரில் தெரியாது. சில குடும்பங்களில் பரம்பரையாக வரும். சட்டி பானையால் வருவதில்லை. ஈ.ஈ.ஜி. கனகாலத்துக்கு ஒழுங்காகவே இருக்கும். “அதை மட்டும் வெச்சு ஒண்டும் சொல்ல ஏலாது” என்றபோது அவர் என்னைப் பார்க்கவில்லை.

“இவரின்ர அப்பாவும் கடைசிக் காலத்தில இப்பிடித்தான்” என்றார் ரெஜினா அக்கா. “விசர் எண்டு அறையில பூட்டி வெச்சிருந்தவை. டொக்டர், எங்கட மகன் கனடாவில. அவனுக்குச் சொல்லவேணுமோ?”

“சொல்லத்தான் வேணும். அவசரப்படாம, ஒழுங்கா இரிந்து கதைப்பம்.”

“இதுக்கு மருந்து?”

“நோயை நிப்பாட்ட இல்ல. ஆனா முந்தித் தெரிஞ்சிருந்தா, வேலையால லீவில நிப்பாட்டியிருப்பம். இந்தப் பேரோட வீட்ட போயிரிக்கமாட்டார். அந்தப் பிள்ளைக்கும் ஒண்டும் நடந்திரிக்காது.”

டொக்டர் மேன்முறையீட்டுக்குக் கடிதம் எழுதினார். அந்தச் சம்பவத்துக்கு எட்டு மாதம் முன் ரெஜினா அக்கா வந்ததையும் நான் செய்ததையும் நான் இரண்டு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டேன். என் சம்பள உயர்வை நிறுத்தினார்கள், சரிதான். நான் ஞாயிறுதோறும் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். போகப் போகச் சேருக்குச் சொற்கள் குறைந்தன. முதலில் என் பெயர், பிறகு மனைவி பெயர், கடைசியில் தொதல். அந்தப் பகிடி மட்டும் மற்றச் சொற்களை விடச் சில மாதம் கூட நின்றது. அவர் தொடங்கும்போது நான் எழும்பி யன்னலுக்குப் போய்விடுவேன்.

பதினாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஒழுக்கக்கேடு என்பதை நீக்கி, நோய் காரணமாக ஓய்வு என்று மாற்றியிருந்தார்கள். ரெஜினா அக்கா அதைச் சத்தமாக, இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். சேர் கடித உறையை எடுத்து அதன் மூலையைச் சப்பத் தொடங்கினார். அக்கா விரலை விட்டு அதை வாயிலிருந்து எடுத்தார்.

அடுத்த வருடம், சாப்பாடு புரையேறி, நெஞ்சில் சளி கட்டி, சேர் இறந்துபோனார். எனக்கு இன்றுவரை மூளையில் ஒரு நோயும் இல்லை. செயலக ஸ்டேஷனையும் சேர்த்து எட்டையும் பின்னாலிருந்து சொல்வேன்.

மலர்ச்சாலைக்கு அவருடைய உடுப்பைக் கொண்டுபோனவன் நான். உடலை ஆயத்தம் செய்துகொண்டிருந்த ஆள் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு, “வகிடு எந்தப் பக்கம்?” என்று கேட்டார். இருபத்துமூன்று வருடத்துக்கு மேல் அந்த முகத்துக்கு எதிரே இருந்தவன். நான் அவர் தலையை அளந்த நாளின் பதிவு எனக்கு வரிவரியாகத் தெரியும்: பெயர், வயது, மருந்து, கடைசியாகச் சாப்பிட்ட நேரம், நோர்மல், என் கையெழுத்து. அந்த ஒரு நிரலை நான் நிரப்பவில்லை.

ரெஜினா அக்காவுக்குப் போன் எடுத்துக் கேட்டேன்.

“இடப்பக்கம், தம்பி” என்றார்.